மணல் கடைசியாக வெயில் பார்த்த நாள்

ஆளே இல்லாத ஊர் இந்தியாவில் எத்தனை இருக்கும் என்று கேட்டால் பத்து, இருபது என்றுதான் பதில் வரும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறு கணக்குச் சொல்கிறது. நாட்டிலுள்ள ஏறத்தாழ 6.4 லட்சம் கிராமங்களில் 43 ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றில் ஒரு குடும்பம்கூட இல்லை. வருவாய்த் துறையின் பதிவேட்டில் அவற்றுக்குப் பெயர் இருக்கிறது, புல எண் இருக்கிறது, எல்லைக்கல் இருக்கிறது. அடுப்பு எரியும் வீடு மட்டும் கிடையாது. இவற்றில் பல, காட்டை அளந்து பெயர் வைத்த வெறும் நிலங்கள். மற்றவை ஒரு காலத்தில் சந்தையும் சாமியும் சண்டையுமாக இருந்த ஊர்கள். தூத்துக்குடி மாவட்டத்து மீனாட்சிபுரம் நம் கண்ணெதிரே அப்படிப் போன ஊர். தண்ணீர் இல்லாமல் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு கிளம்ப, கடைசியில் ஒரே ஒரு பெரியவர் தங்கியிருந்தார். 2024இல் அவரும் காலமானார்.

மீனாட்சிபுரம் எப்போது முடிந்தது என்று நாளிதழைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஊருக்கு என்ன செய்வது? ஊர் பிறந்ததைக் கல்லில் வெட்டுவார்கள். எந்த அரசன், எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருக்கு எவ்வளவு நிலம், எல்லைக்கு எந்த வாய்க்கால், எந்தப் புற்று என்று வரிவரியாக இருக்கும். மதுரை மாவட்டத்து வாடிப்பட்டிக்குத் தெற்கே இருக்கும் சோழவந்தானைக் கல்வெட்டுகளில் தேடினால் சோழாந்தகச் சதுர்வேதிமங்கலம் என்று கம்பீரமாகக் கிடைக்கும். ஆனால் ஒரு ஊர் முடிந்ததை யாரும் கல்லில் வெட்டி வைப்பதில்லை. வெட்டுவதற்கு அங்கே ஆள் இருப்பதில்லை.

அந்தத் தேதியை நெருங்க இப்போது ஒரு வழி இருக்கிறது. வைகைக் கரையிலேயே அது நடந்திருக்கிறது.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். வாடிப்பட்டிக்கு வடக்கே சிறுமலை, தெற்கே வைகை. ஆறு அணைப்பட்டி, குருவித்துறை, சோழவந்தான், திருவேடகம், தேனூர் என்று இறங்கி மதுரைக்குள் நுழைகிறது. இந்தத் தடம் முழுக்கப் பழைய ஊர்களின் மிச்சம் கிடக்கிறது. அணைப்பட்டிப் பக்கம் மேட்டுப்பட்டி சித்தர்மலையில் சமணப் படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டுகளும் உள்ளன. தேனூரில் 2009இல் தமிழி எழுத்து பொறித்த தங்கக் கட்டிகளே மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தன. 2013-14இல் மத்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணா குழுவினர் ஆறு பிறக்கும் இடத்திலிருந்து கடல் வரை இரு கரையையும் நடந்து ஆராய்ந்தபோது, 293 இடங்களில் தொல்லெச்சங்களைப் பதிவு செய்தார்கள். வைகையின் நீளம் 258 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒன்றுக்கு மேல் வருகிறது! அந்த 293இல் ஒன்றுதான் மதுரைக்குத் தென்கிழக்கே, சிவகங்கை மாவட்ட எல்லைக்குள் இருக்கும் கீழடியின் பள்ளிச்சந்தைத் திடல். இன்றைக்கு உலகமே பேசும் அந்த இடம் அப்போது ஒரு தென்னந்தோப்பு. 1970களிலேயே அங்கே கிணறு வெட்டும்போது கிடைத்த பழம்பொருள்களை மாணவர்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர, அவர்களுடைய வரலாற்று ஆசிரியர் அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லியிருக்கிறார். அதன்பின் முறையான அகழாய்வு தொடங்க நாற்பது ஆண்டு ஆயிற்று.

‘திடல்’, ‘மேடு’ என்று நம் பக்கம் பெயர் விழுந்த இடங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். சமவெளியில் மேடு சும்மா வராது. மண்சுவர் வீட்டில் கூரை போனால் சுவர் நாலைந்து மழைக்குத் தாங்காது, அப்படியே உட்கார்ந்துவிடும். அந்த மண்ணை அள்ளிக் கொட்டுவது யாருக்கும் வேண்டாத வேலை. சமப்படுத்தி அதன் மேலேயே அடுத்த வீட்டைக் கட்டுவார்கள். அடுப்புச் சாம்பல், உடைந்த பானை, எலும்பு, சாணம், தவிடு எல்லாம் வாசலுக்கு வெளியே விழும். ஊர் தன் குப்பையின் மேல் தானே ஏறி நிற்கும்.

எவ்வளவு வேகமாக ஏறும்? கீழடியில் தமிழ்நாடு தொல்லியல் துறை எடுத்த கரித்துண்டுகளில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது கி.மு. 580ஐச் சேர்ந்தது என்றும், 200 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது கி.மு. 205ஐச் சேர்ந்தது என்றும் ஆய்வகம் கணித்தது. இடையில் 153 செ.மீ. மண், 375 ஆண்டு. வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு நான்கு மில்லிமீட்டர். ஒரே சீராக ஏறியிருக்காது. ஒரு வெள்ளத்தில் ஒரு சாண் ஏறியிருக்கும், பிறகு ஐம்பது ஆண்டு சும்மா இருந்திருக்கும். ஆனாலும் ஒரு மனிதர் பிறந்து எழுபது வயதில் சாவதற்குள் அவர் வீட்டு வாசல் அரை முழத்துக்கு மேல் உயர்ந்திருக்கும் என்பது சும்மா தள்ளிவிடக் கூடிய கணக்கில்லை.

இப்படிப்பட்ட திடலில் மழை பெய்து ஓய்ந்த பிறகு நடந்தால் காலில் முதலில் இடறுவது ஓட்டாஞ்சல்லி. ஒன்றைக் குனிந்து பாருங்கள். வெளிப்பக்கம் செங்கல் சிவப்பு. உள்பக்கமும் வாய் விளிம்பும் கரிக் கறுப்பு, கைபட்டு மெழுகியது போல ஒரு பளபளப்பு. கறுப்பு-சிவப்புப் பானை என்று தொல்லியலார் சொல்வது இதைத்தான். வண்ணம் எதுவும் பூசியதில்லை. சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டிருக்கிறார்கள் என்பது பரவலான விளக்கம். கவிழ்ந்த பானைக்குள் காற்று புகவில்லை. உள்பக்கம் புகைக்கரி ஏறிக் கறுத்தது. வெளிப்பக்கம் காற்றுப் பட்டது. களிமண்ணில் இருக்கும் இரும்பு சிவந்தது. எங்கே காற்று நின்றதோ அங்கே நிறம் மாறும் கோடு இன்றைக்கும் தெரிகிறது. பானை உடையும், ஆனால் சுட்ட ஓடு மக்காது, துருப்பிடிக்காது, கறையானுக்கும் ஆகாது. ஊர் போன பின்னும் போகாமல் கிடப்பது அதனால்தான். கீழடியில் அந்தக் கரித்துண்டுகள் கிடைத்த ஒரு பருவ அகழாய்வில் மட்டும் தமிழி எழுத்து கீறிய ஓடுகள் 56 கிடைத்தன. பல, ஆதன், குவிரன் என்று வெறும் ஆள் பெயர்கள்.

ஓடு இல்லாத இடத்திலும் மண் காட்டிக்கொடுக்கும். 1920களின் கடைசியில் சுவீடனில் ஓலோஃப் அரீனியஸ் என்ற மண்ணியலாளர் சர்க்கரை பீட்ரூட் சாகுபடிக்காக நிலங்களின் பாஸ்பேட் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில வயல்களில் காரணமே இல்லாமல் அளவு எகிறியது. பழைய வரைபடங்களை எடுத்து ஒப்பிட்டால் அங்கெல்லாம் ஒரு காலத்தில் ஊர் இருந்திருக்கிறது. சாணம், எலும்பு, சாம்பல், மனிதக் கழிவு எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் உண்டு. நைட்ரஜன் காற்றோடும் தண்ணீரோடும் போய்விடும். பாஸ்பரஸ் அப்படிப் போவதில்லை. மண்ணிலுள்ள இரும்பு, அலுமினியம், கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஒரு வயலில் கட்டம் கட்டமாக மண் எடுத்துச் சோதித்தால் மாட்டுத்தொழுவம் எங்கே, வெறும் பாதை எங்கே என்றுகூட ஓரளவு பிரித்துவிடலாம். ஊர் இருந்த இடத்தில் பயிர் நன்றாக வருகிறது என்று விவசாயிக்குக் காலங்காலமாகத் தெரியும். அரீனியஸ் அதற்கு எண் கொடுத்தார், அவ்வளவுதான்.

மறைந்த ஊர்களைத் தேடுவதை ஒரு தனிப் படிப்பாகவே ஆக்கியவர்கள் ஜெர்மானியர்கள். 1300ஆம் ஆண்டு வாக்கில் அந்த நாட்டில் சுமார் 1,70,000 குடியிருப்புகள் இருந்தன, 1500க்குள் அது 1,30,000 ஆகச் சுருங்கியது என்று மதிப்பிட்டவர் வேளாண் வரலாற்றாசிரியர் வில்ஹெல்ம் ஆபெல். நாலில் ஒரு ஊர் காணாமல் போயிருக்கிறது. 1315 முதல் தொடர்ந்த பஞ்சம், 1342 ஜூலையில் மத்திய ஐரோப்பாவைப் புரட்டிய பெருவெள்ளம், அதற்குச் சில ஆண்டுகளில் வந்த கொள்ளைநோய் எல்லாம் அடுத்தடுத்து இறங்கின. ஆனால் ஆபெல் அழுத்திச் சொன்னது வேறொன்று. செத்தவர்களைவிட, கிளம்பிப் போனவர்கள்தான் சின்ன ஊர்களை முடித்தார்கள். ஆள் குறைந்ததும் தானிய விலை விழுந்தது, கூலி ஏறியது. மலையடிவாரத்துக் கல்லாங்காட்டை உழுதுகொண்டிருந்தவன் கீழே நல்ல நிலம் காலியாக இருப்பதைப் பார்த்து இறங்கிவிட்டான். அவன் விட்டுப்போன வயலைக் காடு மூடியது. விமானத்திலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சி, மரங்களைக் கணினியில் உரித்துவிட்டுத் தரையைப் பார்த்தால், அறுநூறு ஆண்டுக்கு முன் அவன் கலப்பை போட்ட வரப்பு மேடுகள் இன்னும் வரிசையாகத் தெரிகின்றன.

நம் சமவெளியில் அந்த வசதி இல்லை. இங்கே கைவிட்ட நிலம் காடாக நிற்பதில்லை. யாராவது மறுபடி உழுதுவிடுவார்கள், கண்மாய் வெட்டுவார்கள், வாய்க்கால் ஓட்டுவார்கள். 1895இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து வைகைப் பக்கம் திரும்பிய பிறகு இது இன்னும் கூடியது. பேரணையில் பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாய் வாடிப்பட்டி, அலங்காநல்லூர் வழியாக மேலூர்ப் பக்கம் போகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக நிலம். வாடிப்பட்டியைச் சுற்றி இன்றைக்குப் பச்சைப் பசேலென்று தெரிவது இந்தக் கணக்கில் வருவது. இருபோகம் விளையும் நிலத்தில் எந்த மேட்டையும் யாரும் விட்டு வைக்க மாட்டார்கள். தண்ணீர் ஏறாத மேட்டை வெட்டிச் சரிக்கட்டி நாற்று நட்டுவிடுவார்கள். விவசாயியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் நம் பக்கத்துப் பழைய ஊர்கள் பெரும்பாலும் இப்படித்தான் இரண்டாவது முறையாகச் செத்தன.

கீழடி தப்பித்ததற்கு ஒரு காரணம், அதை மண் ஆழமாக மூடிக்கொண்டது. செங்கல் சுவர்களுக்கும் உறைகிணறுகளுக்கும் மேலே வண்டலும் மணலும் களியும் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஆறு கொண்டுவந்த மண் அது. எப்போது கொண்டுவந்தது?

கரியைக் கேட்டுப் பிரயோசனமில்லை. விறகு மரமாக நின்று வளர்ந்த காலத்தைத்தான் கார்பன்-14 சொல்லும். மரம் செத்தபின் அதிலுள்ள கார்பன்-14, 5,730 ஆண்டுக்குப் பாதி என்று குறைகிறது. அது ஊர் உயிரோடிருந்த காலத்தின் சாட்சி. ஊரை மூடிய காலம் தெரிய வேண்டுமானால் மூடிய பொருளையே விசாரிக்க வேண்டும். மணலுக்குள் கரி இருந்தாலும், வெள்ளம் எங்கிருந்தோ அரித்துக்கொண்டு வந்த பழைய கரியாக இருக்கலாம். அதனால் மணலையேதான் கேட்க வேண்டும்.

மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ் துகள். நிலத்தில் எங்கும் கொஞ்சம் யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் இருக்கின்றன. அவற்றிலிருந்து வரும் கதிர்வீச்சு பக்கத்திலுள்ள குவார்ட்ஸைத் தாக்கும்போது, படிகத்துக்குள் சில எலக்ட்ரான்கள் இடம்பெயர்ந்து, அங்கங்கே இருக்கும் குறைகளில் சிக்கிக்கொள்கின்றன. படிகம் ஒரு உண்டியல். கதிர்வீச்சு நாள் தவறாமல் காசு போடுகிறது. எப்போதாவது வெயில் பட்டால் உண்டியல் உடைந்து மொத்தமும் கொட்டிவிடும். சுள்ளென்று அடிக்கும் வெயிலில் சில நிமிடமே போதும். பிறகு மறுபடி மண்ணுக்குள் போய் இருட்டில் கிடந்தால் பூஜ்யத்திலிருந்து சேரத் தொடங்கும். இப்போது அந்த மணலை வெளிச்சம் படாமல் எடுத்து, ஆய்வகத்தில் நாமே ஒளியைப் பாய்ச்சி உடைத்தால், சிக்கிய எலக்ட்ரான்கள் விடுபட்டு மங்கலாக ஒரு ஒளி வெளிப்படும். அது எவ்வளவு என்று அளந்து, அந்த மண்ணில் ஓர் ஆண்டுக்கு எவ்வளவு கதிர்வீச்சு சேரும் என்பதால் வகுத்தால், மணல் கடைசியாக வெயில் பார்த்து எத்தனை ஆண்டாயிற்று என்று தெரிந்துவிடும்.

கேட்க எளிது. செய்வதில்தான் பாடு. அகழாய்வுக் குழியின் சுவரில் இரும்புக் குழாயைக் கிடைமட்டமாக அடித்து இறக்கி, உருவியவுடன் இரு வாயையும் வெளிச்சம் புகாமல் அடைத்துவிட வேண்டும். ஆய்வகத்தில் மங்கிய சிவப்பு விளக்கில்தான் பிரிப்பார்கள். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் ஃபிலிம் கழுவிய இருட்டறைதான் நினைவுக்கு வரும். குழாயின் இரு முனையிலும் வெளிச்சம் பட்டிருக்கக்கூடிய மணலை ஒதுக்கிவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் எடுத்து, அமிலத்தில் கழுவி, குவார்ட்ஸைத் தனியே பிரிக்க வேண்டும். வெள்ளத்து மணலில் இன்னொரு சிக்கலும் உண்டு. கலங்கிய தண்ணீரில் உருண்டு வந்த துகள்கள் எல்லாவற்றுக்கும் வெயில் முழுதாகப் பட்டிருக்காது. சிலவற்றின் உண்டியலில் பழைய காசு மிச்சம் இருக்கும், வயது கூடுதலாகக் காட்டும். அதற்காக ஒரே மண்ணிலிருந்து சின்னச் சின்னப் பங்குகளாகப் பலமுறை அளந்து, ஒத்துப்போகும் வயதைத் தேடுகிறார்கள்.

அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம் இந்த வேலையில் நாட்டில் பெயர் பெற்ற இடம். அதன் விஞ்ஞானிகளும் தமிழ்நாடு தொல்லியல் துறையினரும் சேர்ந்து கீழடியின் படிவுகளை இப்படி ஆராய்ந்தார்கள். 2025இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு: கட்டடங்களை மூடிய வெள்ளப் படிவு சுமார் 1,150 ஆண்டுகளுக்கு முந்தையது. அதாவது கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதி. அதற்கு முன் அந்தச் செங்கல் சுவர்கள் மண்ணுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன.

இங்கே மதுரைக்காரர் எவருக்கும் கை துறுதுறுக்கும். ஒன்பதாம் நூற்றாண்டு, பாண்டிய நாடு, வைகையில் வெள்ளம்! பிட்டுக்கு மண் சுமந்த கதை நினைவுக்கு வராமல் போகுமா? அந்தக் கதையில் வரும் மாணிக்கவாசகரை ஒன்பதாம் நூற்றாண்டில் வைப்பவர்களும் ஆராய்ச்சியாளர்களில் நிறையப் பேர். கரை உடைத்த அந்த வெள்ளமும் கீழடி மணலும் ஒன்றே என்று ஒரு வீடியோ இந்நேரம் எங்காவது வந்திருக்கும். முடிச்சுப் போடக் கூடாது. மணல் சொல்லும் வயதில் சில பத்தாண்டுகள் முன்பின் ஆகலாம். வைகையைப் போலக் காட்டாற்றுக் குணமுள்ள ஆற்றில் ஒரு நூற்றாண்டில் எத்தனை வெள்ளம் வந்திருக்கும்! அணை கட்டி 1959இல் நாம் அதை அடக்கிய பிறகு அந்தக் குணம் நமக்கு மறந்துபோய்விட்டது. ஆனால் ஆறு கரை தாண்டிய கதை மதுரையில் இவ்வளவு ஆழமாக ஊன்றியதற்கு வெறும் பக்தி மட்டும் காரணமில்லை என்று இந்த மணலைப் பார்க்கும்போது தோன்றுகிறது.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. மணல் மூடிய காலம் வேறு, ஊர் காலியான காலம் வேறு. வெள்ளம் வந்தபோது அந்த வீடுகளில் ஆள் இருந்தார்களா, இல்லை குட்டிச்சுவராக நின்ற பழைய குடியிருப்பின் மேல்தான் ஆறு படிந்ததா? குவார்ட்ஸ் துகள் அதைச் சொல்லாது. மூடிய படிவுக்குக் கீழே கடைசியாக எரிந்த அடுப்பின் கரி எந்தக் காலம் என்று பார்க்க வேண்டும், ஓடுகளின் வகை எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கரியும் மணலும் சேர்ந்து சொன்னால்தான் கதை முழுமை.

ஆனால் நாம் அடித்துக்கொள்வதெல்லாம் கீழடி எப்போது தொடங்கியது என்பதற்குத்தான். அமர்நாத் ராமகிருஷ்ணா 2023இல் கொடுத்த 982 பக்க அறிக்கையை மத்தியத் தொல்லியல் துறை 2025இல் திருத்தித் தரச் சொன்னதும், அவர் மறுத்ததும், அது அரசியல் ஆனதும் எல்லோருக்கும் தெரியும். கி.மு. எட்டாம் நூற்றாண்டா, ஆறாம் நூற்றாண்டா என்பது முக்கியமான கேள்வி. நமக்கு அதில் பெருமையும் கலந்திருக்கிறது, தப்பில்லை. ஆயினும் ஒரு ஊர் ஏன் முடிந்தது என்பது அதற்குக் குறைந்த கேள்வியல்ல. நமக்கு உடனடியாக உதவக்கூடிய கேள்வி அதுதான் என்றே நினைக்கிறேன். ஆறு திசை மாறியதா, வெள்ளம் கூடியதா, வணிகம் வேறு பக்கம் போனதா என்று தெரிந்தால் இதே கரையில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் நமக்கு அது பாடம். வைகைக் கரையின் மீதி 292 இடங்களிலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். இதுவரை கேட்டது மிகச் சில இடங்களில்தான்.

கேட்பதற்கு மேடு மிஞ்ச வேண்டும். செங்கல் சூளைக்கும் சாலை போடவும் பிளாட் நிரப்பவும் மண் வெட்டும்போது முதலில் கரைவது இந்தத் திடல்கள்தான். ஜேசிபி ஒரு வாளி மண்ணை அள்ளி வெயிலில் கொட்டினால், ஆயிரம் ஆண்டு இருட்டில் சேர்த்த கணக்கு சில நிமிடத்தில் பூஜ்யம். பிறகு எந்த ஆய்வகத்தாலும் அதை மீட்க முடியாது. ஓட்டையும் செங்கலையும் பொறுக்கி அலமாரியில் வைத்துக்கொள்வதிலும் இதே கேடுதான்; எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் அது வெறும் ஓடு.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் எல்லையில் மேட்டு நிலத்தில் கறுப்பும் சிவப்புமான ஓடுகள் கிடந்தாலோ, கிணறு வெட்டும்போது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுடுமண் உறைகள் தெரிந்தாலோ, ஒன்றே கால் அடி நீளத்துக்குத் தட்டையான பழைய செங்கல் வந்தாலோ, தோண்டுவதை நிறுத்துங்கள். இருந்த இடத்திலேயே வைத்து, பக்கத்தில் ஒரு அளவுகோலோ செருப்போ போட்டுப் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ, மாவட்டத் தொல்லியல் அலுவலகத்திலோ, மதுரை காந்தி மியூசிய வளாகத்திலுள்ள அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள். நிலம் பறிபோய்விடும் என்ற பயத்தில்தான் பலர் மூடி மறைக்கிறார்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878இல் வந்த புதையல் சட்டம். மறைப்பதுதான் குற்றம், சொல்வது அல்ல.